கெட்டர் இல்லாமல் எழுதிப் பாருங்கள்

கோட் ரிவ்யூவில், அதாவது மற்றவர் எழுதிய நிரலைச் சரிபார்க்கும்போது, நான் அடிக்கடி காண்பது இது. கிளாஸ்கள் (தரவையும் அதன் மீதான செயல்களையும் சேர்த்துக் கட்டும் நிரல் அலகுகள்) ஏராளம் இருக்கும். திறந்தால் ஒவ்வொன்றிலும் சில மாறிகள், அவற்றின் மதிப்பை வெளியே எடுக்கக் கெட்டர், மாற்றி வைக்கச் செட்டர், அவ்வளவுதான். உண்மையான வேலையெல்லாம் 'சர்வீஸ்' என்று முடியும் ஒரு பெரிய கிளாஸுக்குள் குவிந்து கிடக்கும். மொழி ஜாவாவாக இருக்கலாம். ஆனால் தரவும் வேலையும் ஒரே இடத்தில் இல்லாததால், எழுதியிருப்பது ஆப்ஜெக்ட் சார்ந்த நிரல் அல்ல.

இந்தப் பழக்கத்தை மாற்ற நான் சொல்லும் பயிற்சி, ஜெஃப் பே வகுத்து 2008-இல் வெளிவந்த 'ஆப்ஜெக்ட் காலிஸ்தெனிக்ஸ்'. மொத்தம் ஒன்பது விதிகள். மெத்தடுக்குள் (கிளாஸின் ஒரு செயலுக்குள்) உள்தள்ளல் ஒரு நிலைதான், எல்ஸ் ('இல்லையென்றால்' கிளை) கூடாது, வரிக்கு ஒரு புள்ளி (a.b.c என்று சங்கிலியாக அழைக்கக் கூடாது), பெயரைச் சுருக்கக் கூடாது, கிளாஸ் 50 வரியைத் தாண்டக் கூடாது, அதில் இன்ஸ்டன்ஸ் மாறிகள் (ஆப்ஜெக்ட் தனக்குள் வைத்திருக்கும் மதிப்புகள்) இரண்டுக்கு மேல் கூடாது, எண்ணையும் ஸ்ட்ரிங்கையும் (எழுத்துத் தொடரையும்) தனி கிளாஸில் பொதிய வேண்டும், பட்டியலுக்கும் தனி கிளாஸ், கெட்டர், செட்டர் அறவே கிடையாது.

கடைசி விதிதான் ஆளை மாற்றுகிறது. சினிமாக் காட்சிக்கான இருக்கை முன்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டர் இருந்தால், காலியிட எண்ணிக்கையை வெளியே எடுப்போம், பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்போம், ஒன்றைக் கழித்துத் திரும்ப வைப்போம். இதே சோதனை இணையதளத்துக்கு ஒருமுறை, மொபைல் செயலிக்கு ஒருமுறை என்று சிதறும். இரண்டு த்ரெட்கள் (நிரலில் ஒரே சமயத்தில் ஓடும் இரண்டு வேலைகள்) ஒரே நொடியில் கடைசி இருக்கையைப் பார்த்தால் இரண்டு வாடிக்கையாளர்களுக்கும் டிக்கெட் போய்விடும். கெட்டரை எடுத்துவிட்டால் 'ஒரு இருக்கை ஒதுக்கு' என்று காட்சி ஆப்ஜெக்டிடமே கேட்டாக வேண்டும். இல்லை என்று மறுப்பதும் அதன் பொறுப்பு. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் நுழையும்படி லாக் போட வேண்டுமென்றாலும் அந்த ஓர் இடத்தில் போட்டால் போதும்.

எண்ணைத் தனி கிளாஸில் பொதிவது வீண்வேலை என்று பலர் வாதாடுவார்கள். அவர்களுக்கு ஓர் உதாரணம். 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை அடைந்தபோது தொலைந்துபோனது. தரைநிலைய மென்பொருள் ஒன்று பவுண்டு-விசை நொடியில் தந்த மதிப்புகளை, அடுத்த மென்பொருள் நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டது. வெறும் எண் தன் அலகைச் சொல்வதில்லை.

ஒன்று கவனியுங்கள்: அலுவலகத் திட்டத்தில் இவற்றைக் கட்டாயமாக்க வேண்டாம். ஆப்ஜெக்டை ஜேசனாக (தரவைப் பரிமாறும் உரை வடிவமாக) மாற்றும் லைப்ரரிகள் பலவும் கெட்டரை நம்பியே இயங்குகின்றன. இரண்டு மாறி விதியோ அன்றாட வேலைக்கு மிகக் கடுமையானது. ஜெஃப் பேயே சுமார் 1000 வரி கொண்ட சிறு திட்டத்தில்தான் பழகச் சொல்கிறார். எல்ஸ் தடையிலிருந்து தொடங்குங்கள். அதை டெர்னரியாக (?: குறிகளால் ஒரே வரியில் எழுதும் நிபந்தனையாக) மாற்றி எழுதித் தப்பிக்காதீர்கள். முன்கூட்டியே ரிட்டர்ன் செய்ய (மெத்தடை விட்டு வெளியேற) முடியுமா, இல்லை இரண்டு தனி கிளாஸ்களாகப் பிரிய வேண்டியதா என்று யோசியுங்கள்.