ஆர்டர் வரட்டும், டாக்டர்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குழந்தைக்காக என்னிடம் சிகிச்சைக்கு வரும் பெண்களில் பி.எட். முடித்துவிட்டு வருஷக்கணக்காக வீட்டில் இருப்பவர்கள் பலர். வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம் என்று ஓடும் ஊர். தமிழ் மீடியம் ஆசிரியர் வேலைக்குக் கேரள பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) எப்போதாவது அழைக்கும், இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளத்தை மாற்றி. வயது 34, கல்யாணமாகி 6 வருஷம். ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி ஃபைலைப் பிரித்தால், பழைய ஹால் டிக்கெட்டுகள் நாலைந்து மேஜையில் விழுந்தன. "பி.எஸ்.சி. ரேங்க் லிஸ்ட்ல பேர் இருக்கு டாக்டர், வேலை ஆர்டர் வந்ததும் குழந்தைன்னு இருக்கோம்" என்றார் கணவர். நான் கேட்டது அந்தப் பெண்ணை.

இதை அசட்டுத்தனம் என்று சொல்ல மாட்டேன். வேலையில் இருந்தால்தானே சம்பளத்தோடு பிரசவ விடுப்பு? தனியார் வேலை என்றாலும், மகப்பேறு சலுகைச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம்; அதற்கும் முந்தைய 12 மாதங்களில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். ஆனால் ரேங்க் லிஸ்ட் அதிகபட்சம் 3 வருஷம் ஓடும், காலாவதியானால் மறுபடி பரீட்சை எழுதலாம். கருமுட்டைக்கு மறுபரீட்சை இல்லை. 35-ஐ ஒட்டி எண்ணிக்கையும் தரமும் வேகமாக இறங்கும்.

நேர்மாறான வீடுகளும் உண்டு. "சும்மாத்தானே இருக்கா, இன்னொண்ணு பெத்துக்கட்டும்" என்பார் மாமியார். இரண்டாவது பிறந்ததும் புத்தகங்கள் பரணுக்குப் போய்விடும்.

தள்ளிப்போட்டாலும் அவசரப்படுத்தினாலும், சம்பளம் இல்லாத பெண்ணை யாரும் கேட்பதில்லை. அதனால் கணவரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்வது என் வழக்கம். அன்றும் சொன்னேன். "எனக்கு இப்பவே வேணும் டாக்டர். சம்பாதிக்காம இருந்துட்டு எப்படிக் கேக்கறது?" என்றார் அந்தப் பெண்.

காத்திருப்பதென்றால் ஒரு தேதி குறித்துக்கொண்டு காத்திருங்கள். முயற்சி தொடங்கி ஒரு வருஷம், 35 தாண்டியவர்கள் 6 மாதம், பலனில்லை என்றால் வந்துவிடுங்கள். தொடங்கும் முன்பே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட். கணவருக்கு விந்துப் பரிசோதனை, அதுவும் ஆரம்பத்திலேயே. வலியில்லை, செலவும் குறைவு. ஆனாலும் அதற்குத்தான் ஆயிரம் சாக்கு.

அடுத்த முறை அவர்கள் வந்தபோது ஃபைலில் கணவரின் ரிப்போர்ட்டும் இருந்தது. "பரீட்சை சமயத்துல வாந்தி இருந்தா மாத்திரை போடலாமா?" இந்தத் தடவை அந்தப் பெண்ணே கேட்டார்.