டிப்ரஷன்: மன அழுத்தம் அன்று, மனச்சோர்வு

வேலூர் வட்டாரப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டத்தின்போது வாசலில் கையில் திணிக்கப்படும் துண்டறிக்கைகளில் ‘உங்கள் பிள்ளைக்கு மன அழுத்தமா?’ என்ற தலைப்பு இப்போதெல்லாம் தவறாமல் இடம்பெறுகிறது. அதன் கீழே இருப்பதைப் படித்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் விலகாத வருத்தம் அல்லது எரிச்சல், விளையாட்டிலும் நண்பர்களிலும் நாட்டம் அற்றுப்போதல், தூக்கமும் பசியும் கெடுதல், தான் எதற்கும் உதவாத பிறவி என்ற எண்ணம், படிப்பில் மனம் நிலைக்காமை என, மருத்துவர்கள் டிப்ரஷன் என்று சொல்லும் நோயின் அறிகுறிகளே வரிசையாக இருக்கும். தலைப்பு ஸ்ட்ரெஸ் எனப்படும் நெருக்கடி நிலையைச் சொல்ல, உள்ளே இருப்பதோ ஒரு நோய். நாளிதழும் தொலைக்காட்சியும் நாள்தோறும் செய்வது இதைத்தான் என்றாலும், பிள்ளைகளைப் பற்றிய அறிக்கையிலும் இந்தக் குழப்பம் புகுந்துவிட்ட பிறகு வாளாவிருக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிப்ரஷன் இலத்தீன் வழிவந்தது. கீழே அழுத்தப்பட்ட நிலை என்பது அதன் வேர்ப்பொருள். மருத்துவத்தில் அது 19ஆம் நூற்றாண்டில்தான் காலூன்றியது. அதுவரை கரும்பித்தம் என்று பொருள்படும் மெலன்கோலியா என்ற கிரேக்கச் சொல்லே ஆண்டுகொண்டிருந்தது. நம்முடைய ‘பித்து’ம் பித்தத்தோடு உறவுடையது என்பது தனிக் கட்டுரைக்கு உரிய செய்தி. சிறுவர்களுக்கும் இந்நோய் வரும் என்பதை மருத்துவ உலகம் பரவலாக ஒப்புக்கொண்டதே 1970களில்தான்.

‘மன அழுத்தம்’ என்பதற்காக வாதாடுவோர் இந்த இலத்தீன் வேரைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். வேரை மொழிபெயர்ப்பதுதான் கலைச்சொல்லாக்கம் என்றால், வங்கக் கடலில் உருவாகும் டிப்ரஷனுக்கும் அழுத்தம் என்றே பெயர் வைத்திருக்க வேண்டும். வானிலையாளர்கள் அப்படிச் செய்யவில்லை. ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ என்றார்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டபோது நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்காத காதில்லை. அங்கே அழுத்தம் குறைவதுதான் டிப்ரஷன். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார டிப்ரஷனைப் ‘பெருமந்தம்’ என்றார்கள். அதிலும் அழுத்தம் இல்லை. இவ்விரு துறையினரும் பொருளைப் பார்த்துப் பெயரிட்டிருக்க, மனத்துக்கு வரும்போது மட்டும் அகராதியைப் புரட்டி வேரைப் பெயர்த்துக்கொண்டு வருவானேன்?

அது மட்டுமா? ‘மன அழுத்தம்’ ஏற்கெனவே ஸ்ட்ரெஸ் என்பதற்கு ஆகிவந்த சொல். ஸ்ட்ரெஸ்ஸின் இலத்தீன் வேருக்கு இறுக்கிக் கட்டுதல் என்று பொருள். மேல்நிலை முதலாண்டு இயற்பியல் பாடநூல் அதைத் ‘தகைவு’ என்கிறது. உடலியல் ஆய்வாளர் ஹான்ஸ் செலியே 1936 முதல் செய்த ஆய்வுகளின் வழியே அது உடலியலுக்குள் வந்து, அங்கிருந்து மனத்துக்கும் பரவியது. வேர்வழி போவோர் இதை ‘மன இறுக்கம்’ என்று சொல்லியாக வேண்டும். ஆனால் ஆட்டிசத்தை ‘மதியிறுக்கம்’ என்று எழுதும் வழக்கம் அந்த இடத்தை முன்பே பிடித்துக்கொண்டது. ஆக வேரை நம்பினால் மூன்று நிலைகள் இரண்டு சொற்களுக்குள் இடித்துக்கொண்டு நிற்கும். சட்டத்திலும் இது சிக்கலாகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆவது பிரிவில், தற்கொலைக்கு முயன்றவர் கடும் ஸ்ட்ரெஸ்ஸில் இருந்தார் என்றே, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, கருத வேண்டும் என்றும் அவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அந்த விதிக்கு நோய் இருந்ததா என்பது பொருட்டன்று. அதைத் தமிழில் ‘கடும் மன அழுத்தம்’ என்று எழுதி, அதே சொல்லால் நோயையும் குறித்தால், படிப்பவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது நம் வட்டாரத்துக் காதில் இச்சொல் எப்படி விழுகிறது என்பது. ‘நெஞ்சழுத்தம்’ என்றால் பிடிவாதம், இரக்கமின்மை, துணிச்சல். ‘அழுத்தமான ஆள்’ என்றால் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்க முடியாதவர். குடியாத்தம் பக்கத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு மன அழுத்தம் இருக்கக்கூடும் என்று ஆசிரியர் பக்குவமாக எடுத்துச் சொன்னதும், பீடி சுற்றிப் பிழைக்கும் அந்தத் தாய் உடனே தலையாட்டினார்: “ஆமா சார், அழுத்தம் ஜாஸ்திதான் அவளுக்கு. இன்னா கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டா. அழுத்தக்காரி.” ஆசிரியர் திகைத்துப்போனார். தாய் சொன்னதில் மொழிப்பிழை எதுவும் இல்லை. அச்சொல்லுக்குத் தமிழில் உள்ள பொருளைத்தான் அவர் சொன்னார். நோய் என்று உணர்த்த வந்த சொல், பிள்ளையின் குணத்தின்மேல் சாட்டிய குற்றமாகிவிட்டது.

இலக்கணமும் இங்கே பேசவேண்டும். ‘அழுத்து’ பிறவினை, அழுத்துபவர் ஒருவர் இருந்தாக வேண்டும். எனவே மன அழுத்தம் என்றதும் பெற்றோரும் ஆசிரியரும் அழுத்தியது யார் என்று தேடத் தொடங்குகிறார்கள். பொதுத்தேர்வு, நீட், கண்டிப்பான தந்தை, கைப்பேசி என்று ஏதோ ஒன்று கிடைக்கவும் செய்கிறது. அதை விலக்கிவிட்டு, பத்து நாள் விடுப்பில் பாட்டி வீட்டுக்கு அனுப்பி, “இனி என்ன கவலை?” என்று கேட்கிறார்கள். ஸ்ட்ரெஸ் என்றால் இது பெரும்பாலும் பலிக்கும். டிப்ரஷனை நெருக்கடிகள் தூண்டலாம். ஆனால் தூண்டியது நீங்கிய பின்னும் நோய் தங்கிவிடுவதுண்டு, வெளிப்படையான காரணமே இல்லாமல் வருவதும் உண்டு. லேசாக இருந்தால் உளச்சிகிச்சையோடு தூக்கத்தையும் விளையாட்டையும் ஒழுங்குபடுத்திக் கண்காணித்தாலே போதலாம். கடுமையானால் எண்ணங்களையும் நடத்தையையும் சீர்செய்யும் முறையான சிகிச்சை அமர்வுகளும், எட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு ஃபுளுவாக்ஸெடின் போன்ற மருந்தும் தேவைப்படலாம். மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் பிள்ளையைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். தாய்க்கே இந்நோய் இருந்து அவர் குணமடைந்தால் பிள்ளையின் நிலையும் தேறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாட்டி வீட்டு விடுப்பில் இவற்றுள் எதுவும் நடக்காது.

‘சோர்’ தன்வினை, யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாது. சோர்தல் என்றால் தளர்தல், நழுவுதல், வடிதல். கண்ணீர் சோர்ந்தது, கூந்தல் சோர்ந்தது என்பது பழைய வழக்கு. ‘சொலல்வல்லன் சோர்விலன் அஞ்சான்’ என்ற குறளிலும், ‘சொற்காத்துச் சோர்விலாள் பெண்’ என்ற குறளிலும் சோர்வு என்பது உடலின் அசதியைக் குறிக்கவில்லை. உள்ளத்தின் தளர்ச்சியையும் அதனால் வரும் மறதியையுமே குறிக்கிறது. ஆகவே மனச்சோர்வு என்பது மனத்துக்குப் புதிதாக ஒட்டவைத்த சொல்லன்று. பேச்சு வழக்கிலும் அது இடறுவதில்லை. ‘புள்ள சொரத்தில்லாம கீது’ என்று சொல்லும் வேலூர்த் தாய்க்கு ‘மனசு சோந்துபோய் கீது’ என்றால் அகராதி வேண்டியதில்லை.

இதற்கு எதிராக இரண்டு தடைகள் சொல்லப்படுகின்றன. சோர்வு என்றால் சோம்பல் என்று எடுத்துக்கொள்வார்கள் என்பது ஒன்று. அந்த ஆபத்து உண்மைதான். ஆனால் சோம்பலைத் திட்டித் திருத்தப் பார்க்கும் அதே வீட்டில், சோர்ந்த பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். மற்றொன்று கனமானது. பெரியவர்களிடம் வருத்தமாகத் தெரியும் நோய், சிறுவரிடமும் பதின்பருவத்தினரிடமும் எரிச்சலாகவும் சண்டையாகவும் வெளிப்படலாம். கதவை அறைந்து சாத்தும் பையனைச் சோர்ந்தவன் என்று யார் சொல்வார்? இதை எந்த ஒற்றைச் சொல்லாலும் தீர்க்க முடியாது. பெயருக்குக் கீழே வரும் விளக்கத்தில்தான் சொல்லவேண்டும். ‘மனத்தளர்ச்சி’ என்று எழுதுவோரோடு எனக்கு வழக்கில்லை. ‘மன உளைச்சல்’ நோயைக் குறிக்காது, வேதனையைக் குறிக்கும். ‘விரக்தி’யோ ஒரு காலத்தில் துறவியைப் புகழ்ந்த சொல்.

வேலூரில் இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. வேலூரை அடுத்த கணியம்பாடி ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரை நடந்த இறப்புகளை ஆராய்ந்து 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்களுக்கு 148, ஆண்களுக்கு 58 என்ற அளவில் தற்கொலைகள் நிகழ்ந்ததாகச் சொன்னது. இத்தகைய இறப்புகளில் சில, ஒரு பொழுதின் நெருக்கடியில் எடுத்த முடிவுகள். அவற்றைத் தடுக்கப் பூச்சிமருந்தைப் பூட்டி வைப்பதும் அந்த நேரத்தில் பேச ஒருவர் இருப்பதும் பெருந்துணை. சிலவற்றின் பின்னே பல மாதங்களாக யாரும் கவனிக்காத நோய் இருக்கும். அதற்குச் சிகிச்சைதான் தடுப்பு. இரண்டையும் ‘மன அழுத்தத்தால் விபரீத முடிவு’ என்று ஒரே வரியில் எழுதித் தள்ளினால், எதை எப்படித் தடுப்பது என்று எந்தப் பெற்றோர் அறிவார்? பாகாயத்தில் 1957 முதல் இயங்கிவரும் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை அளிப்பதில் முன்னோடி. உடன் தங்குபவருக்கு நோயின் பெயரே புரியாவிட்டால் அந்த முறைக்கு என்ன பயன்?

மொழிபெயர்ப்பாளர்கள் இதோடு விடுவதுமில்லை. ஆலோசகரோடு பேசிக் குணமாகும் முறைக்குப் ‘பேச்சு சிகிச்சை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது திக்குவாய்க்கும் பேச்சு வராத குழந்தைக்கும் தரும் பயிற்சியின் பெயர். “எம் பையன் நல்லாதான பேசறான்” என்று பெற்றோர் எழுந்துபோனால் குறை யாருடையது? ‘உளச்சிகிச்சை’ என்ற நல்ல சொல் இருக்கிறதே. ‘நீங்கள் தனியாக இல்லை’ என்ற வாசகம் இன்னும் மோசம். அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது பொய்யாகவே படும். ‘உனக்குத் துணை இருக்கிறது’ என்று எழுதி, அதன் கீழே எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கத்தக்க, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண்ணான 14416ஐயும், சிறுவர் உதவி எண்ணான 1098ஐயும் போட்டால் போதும்.

அடுத்த துண்டறிக்கை அச்சுக்குப் போகுமுன் தலைப்பை ‘உங்கள் பிள்ளை இரண்டு வாரமாகச் சோர்ந்தோ சிடுசிடுத்தோ இருக்கிறதா? மனச்சோர்வு நோயாக இருக்கலாம்’ என்று மாற்றலாம். ‘மன அழுத்தம்’ ஸ்ட்ரெஸ்ஸுக்கே இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கும் ‘மன நெருக்கடி’ என்று எழுதுவதே எனக்குப் பிடிக்கும்.