இணை விண்மீன்

ஒரு விண்மீனோடு ஈர்ப்பால் கட்டுண்டு, இரண்டுக்கும் பொதுவான மையத்தைச் சுற்றிவரும் மற்றொரு விண்மீன். ஆங்கிலத்தில் ‘கம்பேனியன்’ என்பார்கள். லத்தீனில் ‘உடன்’, ‘ரொட்டி’ என்ற இரு சொற்கள் சேர்ந்து பிறந்தது. கூட உட்கார்ந்து சாப்பிடுபவர் என்று பொருள்.

தமிழில் பலர் ‘துணை விண்மீன்’ என்று எழுதுகிறார்கள். வழித்துணை என்பதை நினைத்தால் நல்ல சொல்தான். ஆனால் துணைக்கோள், துணைத்தலைவர் என்று கேட்டுப் பழகியவர்களுக்குச் சின்னது, அடங்கியது என்றே படும். பெருநிறை விண்மீன்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறையில் இருப்பதும் உண்டு. கண்ணிணை, இணையடி என்னும்போது எது பெரிது என்ற பேச்சே வருவதில்லை. அதனால் ‘இணை’தான் பொருத்தம். இரண்டையும் சேர்த்துச் சொல்ல ‘இரட்டை விண்மீன்’ போதும்.

கல்யாணத்தில் அருந்ததியோடு காட்டும் வசிட்டனைத் தொலைநோக்கியில் பார்த்தால் இரண்டாகத் தெரியும். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து நிறமாலை எடுத்தால் அந்த இரண்டில் ஒவ்வொன்றும் மறுபடி இரண்டு.

சூரியனைப் போல் எட்டு மடங்கோ அதற்கு மேலோ நிறை கொண்டவை பெருநிறை விண்மீன்கள். இவற்றின் பிரகாசத்தில் பக்கத்தில் இருக்கும் மங்கலான இணை மறைந்துபோகும். அங்கேதான் எக்ஸ் கதிர் உதவுகிறது. வேலூரில் எக்ஸ்ரே என்றால் ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வரும். இதுவும் அதே கதிர்தான். 1895இல் இதைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் இன்னதென்று தெரியாததால் ‘எக்ஸ்’ என்று பெயரிட்டார். ஊடுகதிர் என்றும் சொல்வோம்.

பெருநிறை விண்மீனிலிருந்து நொடிக்கு 2,000 கி.மீ. அளவில் வாயு காற்றாக வீசும். இணைக்கும் அப்படி ஒரு காற்று இருந்தால் இரண்டும் நடுவில் மோதி, வாயு கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடேறி, வலுவான எக்ஸ் கதிர் வரும். ஈட்டா கரினே என்ற பெருநிறை விண்மீனில் இந்தக் கதிர் 5.5 ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டும் மிக நெருங்கும்போது, சட்டென்று சரிந்து சில வாரங்கள் கழித்து மீளும். அங்கே இணை இருக்கிறது என்பதற்கு அது வலுவான சான்று.

இன்னொரு வழி எனக்கு இன்னும் பிடித்தது. நடுத்தர நிறையுள்ள சில நீல விண்மீன்களுக்குப் பலமான காற்றும் கிடையாது, சூரியனைப் போல் கொதித்துப் புரளும் மேலடுக்கும் கிடையாது. அவை எக்ஸ் கதிர் வீசக் காரணமே இல்லை. ஆனாலும் சந்திரா விண் தொலைநோக்கிக்கு அவற்றில் சிலவற்றின் இடத்திலிருந்து கதிர் வருகிறது. அப்போது பக்கத்தில் சிறிய இளம் விண்மீன் ஒன்று ஒளிந்திருக்கிறது என்றே ஐயம் எழும். சிறியவை இளமையில் வேகமாகச் சுழலும். அதனால் காந்தப்புலம் வலுத்து எக்ஸ் கதிரில் நன்றாக ஒளிரும்.

எக்ஸ் கதிரை நம் வளிமண்டலம் தடுத்துவிடும். அதனால் பழைய வட ஆற்காட்டின் ஜவ்வாது மலையில், காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியால் இதைப் பார்க்க முடியாது. 2015இல் இந்தியா ஏவிய அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் போல விண்ணுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். காவலூர் மாதிரி இடங்களின் வேலை அப்புறம் வருகிறது. வலுவான காந்தப்புலம் இருந்தால் தனி விண்மீனும் கடுமையான எக்ஸ் கதிர் வீசும் என்பதால், கதிர் வந்தாலே இணை உண்டு என்று முடிவுகட்ட முடியாது. இணையோடு சுற்றும் விண்மீன் நம்மை நெருங்கியும் விலகியும் போவதால், நிறமாலையில் தெரியும் கோடுகள் நீலத்துக்கும் சிவப்புக்குமாக முறைவைத்து அசைகின்றனவா என்று தரையிலிருந்து பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.