காதால் வாசிப்பவர்களுக்காக ஒரு பக்கத்தைத் திருத்துவது எப்படி?

நூலகம் என்ற இணையத்தளத்தில் 2005 இலிருந்து ஈழத்துப் புத்தகங்களும் சஞ்சிகைகளும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. யாழ்ப்பாணத்துக் கடைகளில் எங்குமே கிடைக்காத பழைய நாவலை இரவு 11 மணிக்குப் போனில் திறந்து வாசித்துவிடலாம். ஆனால் ஸ்கான் பண்ணிய வெறும் பிடிஎஃப் ஒன்றை விழிப்புலனற்ற ஒருவர் திறந்தால் திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக்காட்டும் அவருடைய திரைவாசிப்பான் வாயே திறக்காது. அங்கே இருப்பது எழுத்து இல்லை, எழுத்தின் படம்.

படத்தை எழுத்தாக்குவது ஓசிஆர் மென்பொருளின் வேலை. இன்றைய ஓசிஆர் தனித்தனி எழுத்தாகப் பார்ப்பதில்லை. ஒரு வரியை அப்படியே எடுத்து, முன்னும் பின்னும் என்ன வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்து, இது இன்ன எழுத்தாகத்தான் இருக்கும் என்று கணிக்கிறது. டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் 2018 இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து இப்படித்தான் வேலை செய்கிறது. நூற்றுக்கு 98 எழுத்து சரி என்றால் நல்ல பெறுபேறு போலத் தோன்றும். ஆனால் 1500 எழுத்துள்ள பக்கத்தில் அது 30 பிழை.

அதுவும் நல்ல அச்சுக்குத்தான். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த பழைய புத்தகங்களில் தாள் மெல்லியது, பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் தெரியும், புள்ளி பாதி அழிந்திருக்கும், பூச்சி அரித்த துளையையும் மென்பொருள் புள்ளி என்று எடுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் 1978 இல் மாற்றிய பழைய ணை, லை, றா வடிவங்கள் வந்தால் இன்னும் தடுமாறும்.

சரி, கண்ணால் பார்த்துத் திருத்திவிட்டால் போதுமே என்று கேட்கலாம். போதாது. 'அவர்' என்று எழுதும்போது ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்காலை (ா) போட்டுப் புள்ளி வைத்தால் 'அவா்' என்று வரும். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கணினிக்கு அவை வேறு வேறு குறியீடுகள், தேடினாலும் அகப்படாது, குரல் அந்த இடத்தில் இடறும். 'மௌனம்' என்பதை 'மெளனம்' என்று ளகரம் போட்டு எழுதினால் 'மெ-ள-னம்' என்று கேட்கும். ஔவைக்கும் இதே கதிதான்.

எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் சுன்னாகத்தில் இருக்கிறார், பார்வை இல்லை. எங்களுக்குப் பிடிபடாத வேகத்தில் போனை வாசிக்க விட்டுக் கேட்பார். திடீரென்று விரலால் நிறுத்தி, "உதிலை ஏதோ பிழை கிடக்கு, வடிவாப் பார்" என்பார். திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். எழுத்தெழுத்தாக நகர்த்திப் பார்த்தால் காலும் புள்ளியும் இருக்கும். அதனால்தான் விழிப்புலனற்றவர்களை வாசகர்களாக மட்டும் வைத்திருக்காமல் மெய்ப்புப் பார்ப்பவர்களாகவும் சேர்க்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்கிறேன். காதுக்கும் ஓர் எல்லை உண்டு. 'தரம்' என்பது 'தாம்' என்று மாறியிருந்தால் அதுவும் ஒரு சொல்தானே, குரல் இடறாமல் வாசித்துவிட்டுப் போய்விடும். அங்கே மூலப் பக்கத்தைப் பார்க்கும் கண் வேண்டும்.

யாரும் சேர்ந்து பழைய நூல்களை எழுத்தாக்கும் விக்கிமூலம் இணையத்தளத்தில் இந்த வேலை நடக்கும் முறை எனக்குப் பிடிக்கும். ஒரு புறம் படம், மறுபுறம் எழுத்து. ஒருவர் திருத்தினால் பக்கம் மஞ்சளாகும். வேறொருவர் சரிபார்த்தால்தான் பச்சை. திருத்தியவரே பச்சையாக்க முடியாது. அங்கே பதிப்புரிமை முடிந்த, அல்லது பொதுவில் விடப்பட்ட நூல்கள்தான். உரிமை உள்ள நூல்களையும் பார்வையற்றோருக்காக மாற்றிக் கொடுக்க வழிசெய்வது 2013 இன் மராகேஷ் உடன்படிக்கை, இலங்கை 2016 இல் அதில் இணைந்தது.

எழுத்துப் பிழை தீர்ந்தாலும் வேலை முடியாது. தமிழ் அச்சில் வரி முடிந்தால் சொல்லை இடைக்கோடு இல்லாமலே வெட்டிவிடுவார்கள், வரிகளைச் சேர்த்தபின் 'யாழ்ப்பா ணத்தில்' என்று இரண்டாகக் கிடக்கும். பக்க எண்ணும் மேல்தலைப்பும் வசனத்துக்குள் புகுந்துவிடும்: "அவள் கதவைத் திறந்தபோது 47 மூன்றாம் அத்தியாயம் வெளியே யாருமில்லை". கண் இதைத் தாண்டிப் போகும், கேட்பவருக்குக் கதை அறுந்துபோகும். அத்தியாயத் தலைப்பைப் பெரிய எழுத்தில் போட்டால் மட்டும் காணாது, தலைப்பு என்றே குறியிட வேண்டும். அப்போதுதான் ஒரே தட்டலில் அடுத்த அத்தியாயத்துக்குத் தாவலாம்.

இன்னொன்று, எங்கள் புத்தகங்களுக்கு மிக முக்கியம். 'உவன்', 'பேந்து', 'றோட்டு', 'ரெலிபோன்' எல்லாம் பிழை இல்லை. வேறு ஊரில் இருந்து திருத்துபவர் நல்ல மனதோடு 'அவன்', 'பிறகு', 'ரோடு' என்று மாற்றிவிட்டால் எழுதியவரின் பேச்சே போய்விடும். மென்பொருள் கெடுத்ததை மட்டும் திருத்துங்கள். படத்திலும் வாசிக்க முடியாத சொல் வந்தால் ஊகித்து நிரப்பாமல் அடையாளம் போட்டு விடுங்கள், அதே பதிப்பின் இன்னொரு பிரதி யாராவது வீட்டு அலுமாரியில் இருந்து வந்தால் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம்.