வேலையிடத்தில் தமிழ் பேசக் கூடாதா? அமெரிக்க முதலாளிக்கு எதுவரை உரிமை உண்டு

‘இங்கே ஆங்கிலம் மட்டும்தான்’ என்று மேனேஜர் சொன்னதும், சிலர் அதுதான் சட்டம் என்று நம்பி வாயை மூடிக்கொள்கிறார்கள். சிலர் இது பாகுபாடு என்று சரியாகவே புரிந்துகொள்கிறார்கள். ஆனால் ஆறேழு மாதம் ஹெச்.ஆருக்கு மின்னஞ்சல் எழுதியே காலத்தைக் கடத்திவிட்டு, கெடு முடிந்த பிறகு அரசு அலுவலகத்தைத் தேடிப் போகிறார்கள். நியாயம் இருந்தும் தோற்பவர்களில் இந்த இரண்டாம் வகையினர்தான் அதிகம்.

சட்டப் பின்னணி கொஞ்சம்தான். 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்தின் ‘டைட்டில் செவன்’ பகுதி, பூர்வீக நாட்டை வைத்து வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. மொழி என்று அதில் தனியாக எழுதவில்லை. ஒருவர் பேசும் மொழி அவருடைய பூர்வீகத்தோடு ஒட்டியது என்பதால், ஈ.ஈ.ஓ.சி. எனப்படும் சம வேலைவாய்ப்பு ஆணையம் இதற்கென்று விதி வகுத்திருக்கிறது.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வேலைக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பது வேறு. வேலையிடத்தில் வேறு மொழி பேசவே கூடாது என்பது வேறு. முதலாவதை முதலாளி கேட்கலாம், அந்த வேலைக்கு உண்மையிலேயே தேவை என்றால். கால் சென்டரில் பேசுபவருக்குத் தேவை. இரவில் தரை துடைப்பவருக்குச் சரளமான ஆங்கிலம் எதற்கு என்று கேட்டால் முதலாளியிடம் பதில் இருக்க வேண்டும். உச்சரிப்பும் அப்படித்தான்: அதனால் வேலை நிஜமாகவே கெடுகிறது என்று காட்டாமல், ‘உங்கள் ஆக்சென்ட் புரியவில்லை’ என்று பதவி உயர்வை மறுக்க முடியாது.

இரண்டாவதுதான் சிக்கல். உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே போகும்வரை, சாப்பாட்டு இடைவேளை உட்பட, ஆங்கிலம் மட்டுமே என்று ஒரு விதி இருந்தால், அது சட்டத்தை மீறியது என்றே ஆணையத்தின் விதி எடுத்துக்கொள்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்கும் குறிப்பிட்ட பணிக்கும் மட்டும் விதி போட்டால், அதற்குத் தொழில் சார்ந்த அவசியம் இருந்ததாக முதலாளி காட்ட வேண்டும். ஆங்கிலம் மட்டுமே தெரிந்த வாடிக்கையாளரிடம் பேசுவது, அவசரநிலை, ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாவிட்டால் விபத்து நேரக்கூடிய கூட்டுவேலை, இவை செல்லும். ‘நீங்கள் பேசுவது எங்களைப் பற்றியோ என்று மற்றவர்கள் சங்கடப்படுகிறார்கள்’ என்பதை ஆணையம் அவசியமாக ஏற்பதில்லை. சில நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. அதையும் மனதில் வையுங்கள்.

விதியை முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எப்போது ஆங்கிலம் மட்டும், மீறினால் என்ன தண்டனை என்று ஊழியர்களுக்குத் தெரிவிக்காமலே ஒருவர்மேல் நடவடிக்கை எடுத்தால், அதையே பாகுபாட்டுக்குச் சான்றாக ஆணையம் கொள்ளும். ஆகவே உங்களிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால், ‘இந்த விதி ஹேண்ட்புக்கில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, இடைவேளைக்கும் பொருந்துமா?’ என்று மின்னஞ்சலில் கேளுங்கள். சண்டை தொனி வேண்டாம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் உங்களுக்கு ஆவணம் கிடைத்துவிடும். அலுவலக முகவரியிலேயே விட்டுவைக்காதீர்கள். நீக்கும் அன்று காலையிலேயே அந்த இன்பாக்ஸ் மூடப்படும். தேதி, நேரம், யார் சொன்னது, சொன்ன அதே வார்த்தைகள், அருகில் இருந்தவர் யார் என்று வீட்டில் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

இனி ஒரு கண்ணி. உங்களுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்றால் உங்கள் வழக்கு வலுவிழக்கலாம். கலிபோர்னியாவில் ஓர் இறைச்சி ஆலை பற்றிய ‘ஸ்பன் ஸ்டீக்’ வழக்கில் 1993இல் ஒன்பதாவது சுற்று (மேற்கு மாநிலங்களுக்கான மத்திய) மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டு மொழியும் பேசத் தெரிந்தவர் ஆங்கிலத்தில் பேசிவிட்டுப் போகலாம், அவருக்குப் பெரிய பாதிப்பில்லை என்ற ரீதியில் தீர்ப்பளித்தது. ஆணையத்தின் விதியையும் ஏற்கவில்லை. தமிழர்களில் பெரும்பாலோர் இந்த இருமொழி வகைதான். அதனால் ‘எனக்கு மொழியுரிமை உண்டு’ என்ற வாதத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அதே தளத்தில் வேறு மொழி பேசியவர்களை விட்டுவிட்டு உங்களை மட்டும் தண்டித்தார்களா? விதி வந்த காலத்தில் உங்கள் ஊரைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ கிண்டல் நடந்ததா? வழக்கைத் தாங்கும் தூண் அதுதான்.

இது இப்போது இன்னும் முக்கியம். 2025 ஏப்ரலில் வந்த அதிபரின் ஆணைக்குப் பிறகு, ‘விதி எல்லாருக்கும் பொது, ஆனால் அடிபடுவது ஒரு சாரார்’ என்ற வகைப் புகார்களை மத்திய அமைப்புகள் ஓரங்கட்டி வருகின்றன. வேண்டுமென்றே வேறுபடுத்தி நடத்தினார்கள் என்று காட்டும் தகவல்களைப் புகாரின் முதல் பத்தியிலேயே வையுங்கள். அதே ஆண்டு மார்ச்சில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக அறிவித்த ஆணையைக் காட்டி, ‘இனி சட்டமே எங்கள் பக்கம்’ என்று சொல்லும் மேனேஜர்களும் உண்டு. அந்த ஆணை மத்திய அரசுத் துறைகளுக்கானது. தனியார் முதலாளிக்கு அது புதிதாக எந்த அதிகாரமும் தரவில்லை.

டைட்டில் செவன் யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் நிறையப் பேர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். நிறுவனத்தில் குறைந்தது 15 ஊழியர் இருக்க வேண்டும், அதுவும் நடப்பு ஆண்டிலோ முந்தைய ஆண்டிலோ 20 வாரங்களுக்கு. பகுதிநேர ஊழியரும் கணக்கில் சேர்வார். 15 இல்லையென்றால் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள்: கலிபோர்னியாவில் 5 பேர் போதும், நியூயார்க் மாநிலத்தில் எண்ணிக்கைக் கெடுபிடியே இல்லை, இரண்டிலும் மாநில அமைப்பிடம் புகார் தர மூன்று ஆண்டுகள் உண்டு. கலிபோர்னியாவில் இடைவேளையில் ஆங்கிலம் மட்டும் என்ற விதி எந்தக் காரணத்தாலும் செல்லாது. ‘1099’ வரிப் படிவத்தில் சம்பளம் வாங்கும் ஒப்பந்தக்காரரை டைட்டில் செவன் பொதுவாகக் காப்பதில்லை. ஐ.டி. கன்சல்டன்சி வழியாக கிளையன்ட் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் இரண்டு நிறுவனங்களின் பெயரையும் புகாரில் சேர்க்க வேண்டும். ஒன்றை விட்டால், ‘அவர் எங்கள் ஊழியரே இல்லை’ என்று மற்றது கைகழுவும்.

இனி கெடு. ஆணையத்திடம் புகார் தர, தண்டனை அல்லது நீக்கம் நடந்ததிலிருந்து 180 நாள். மாநிலத்திலும் இதே பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் அமைப்பும் இருந்தால் 300 நாள். ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி போன்ற இடங்களில் தனியார் ஊழியருக்கு 180தான். மத்திய அரசு ஊழியருக்கு வழியே வேறு: 45 நாளுக்குள் தங்கள் துறையின் சம வேலைவாய்ப்பு (ஈ.ஈ.ஓ.) ஆலோசகரைப் பார்க்க வேண்டும். நாள் எண்ணுவது கடைசி வேலைநாளிலிருந்து அல்ல, நீக்கப்போகிறோம் என்று உங்களிடம் சொன்ன நாளிலிருந்து. ஹெச்.ஆர். விசாரணை நடக்கிறது, யூனியன் பேசிக்கொண்டிருக்கிறது என்பதற்காக இந்தக் கடிகாரம் நிற்காது. ‘கொஞ்சம் பொறுங்கள், உள்ளேயே தீர்த்துவிடலாம்’ என்ற இனிமையான மின்னஞ்சல் யாருக்கு லாபம் என்று நீங்களே யோசியுங்கள்.

ஆணையத்தின் இணையவாசலில் விவரம் பதிந்ததும் புகார் கொடுத்தாயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். அது வெறும் விசாரிப்பு. அதன்பின் நேர்காணல், அதன்பின் அவர்கள் எழுதித் தரும் புகார்ப் படிவம், அதில் உங்கள் கையெழுத்து. அது விழும்வரை கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நேர்காணலுக்கு நாள் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம். கெடு முடிய 60 நாளோ அதற்குக் குறைவோ இருந்தால் அவசரமாகப் பதிவதற்கான தனி வழிமுறையை வாசலே காட்டும்; அதைப் பின்பற்றுங்கள், நேர்காணலுக்காகக் காத்திருக்காதீர்கள். கட்டணம் கிடையாது. படிவத்தில் ‘பூர்வீக நாடு’ கட்டத்தோடு, முறையிட்ட பிறகு தொல்லை கொடுத்திருந்தால் ‘பழிவாங்கல்’ கட்டத்தையும் குறியிடுங்கள். மொழி விதி பற்றிய புகார் தோற்றாலும் பழிவாங்கல் புகார் தனியாக நிற்கும்.

ஹெச்-1பி விசாவில் இருப்பவருக்கும் இதே உரிமைகள்தான். ஆனால் வேலை போனால் நாட்டில் தங்க அதிகபட்சம் 60 நாள் அவகாசம், புகார் நிலுவையில் இருப்பதால் அது நீளாது. புகாரையும் அடுத்த வேலைத் தேடலையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள்.

கடைசிக் கட்டத்தில், நீங்கள் வழக்குத் தொடரலாம் என்ற உரிமைக் கடிதத்தை ஆணையம் தரும். அதற்குப் பின் 90 நாளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும். இப்போது அந்தக் கடிதம் தபாலுக்குப் பதில் இணையவாசலில் ஏறுகிறது, உங்களுக்கு வருவது ஒரு வரி மின்னஞ்சல்தான். அது ஸ்பாமில் கிடந்தது என்ற சமாதானத்தை நீதிபதி ஏற்பார் என்று எண்ண வேண்டாம். வாரம் ஒருமுறை வாசலைத் திறந்து பாருங்கள். மின்னஞ்சல் வந்த தேதியை முதல் நாளாக வைத்து எண்ணுங்கள். வக்கீலை 60ஆம் நாளுக்கு முன்பே பிடித்துவிடுங்கள், ஏனென்றால் 85ஆம் நாள் வரும் கோப்பைப் பெரும்பாலான வக்கீல்கள் தொடமாட்டார்கள்.