நீள்வட்ட விண்மீன் மண்டலங்களும் அவற்றின் சாய்ந்த தளமும்

சுருள் கைகளோ புதிதாகப் பிறக்கும் நீல விண்மீன்களோ பெரும்பாலும் இல்லாத நீள்வட்ட விண்மீன் மண்டலங்கள், படத்தில் வெறும் மங்கலான ஒளித்திட்டுகளாகத்தான் தெரிகின்றன. ஆயினும் அவற்றின் அளவு, மேற்பரப்புப் பொலிவு (ஓரலகுப் பரப்பிலிருந்து வரும் ஒளி), உள்ளே விண்மீன்கள் ஓடும் வேகம் ஆகிய மூன்றும் தம்முள் இறுகப் பிணைந்தவை. பின்னிரண்டும் தெரிந்தால் அளவை ஏறத்தாழ 20 விழுக்காட்டுப் பிழையுடன் கணித்துவிடலாம்.

வேகத்தை அளப்பதுதான் இதில் நுட்பமான வேலை. கன்னி விண்மீன் மண்டலக் கொத்தில் உள்ள எம்87 என்ற பெரும் நீள்வட்ட மண்டலத்தில் இருக்கும் கோடானுகோடி விண்மீன்களைத் தனித்தனியே பின்தொடர முடியாது. மாறாக, அவற்றின் மொத்த ஒளியையும் நிறமாலையாகப் பிரித்து, 517 நானோமீட்டர் அருகே மக்னீசியம் பதிக்கும் கருங்கோடுகளைப் பார்க்கிறார்கள். நம்மை நோக்கி வரும் விண்மீன்கள் அக்கோட்டை நீலப்பக்கமும் விலகுபவை சிவப்புப்பக்கமும் தள்ளுவதால் கோடு அகன்றுவிடுகிறது. வினாடிக்கு 300 கிலோமீட்டர் வேகம் தரும் நகர்வு சுமார் அரை நானோமீட்டர்தான். இந்த அகலத்திலிருந்து பெறப்படும் திசைவேகச் சிதறல், அதாவது விண்மீன்களின் வேகங்கள் சராசரியிலிருந்து பரவிக் கிடக்கும் அளவு, எம்87-இன் நடுப்பகுதியில் வினாடிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. ஆந்திரமேடா விண்மீன் மண்டலத்தின் சிறு துணை மண்டலமான எம்32-இல் சுமார் 75.

ஒளிர்திறன் இச்சிதறலின் நான்காம் அடுக்கை ஒட்டி வளர்கிறது, அதாவது வேகம் இரட்டித்தால் ஒளி 16 மடங்காகிறது என்று 1976-இல் சாண்ட்ரா ஃபேபரும் ராபர்ட் ஜாக்சனும் காட்டினர். பெரிய மண்டலங்களின் மேற்பரப்புப் பொலிவு குறைவு என்று அடுத்த ஆண்டு ஜான் கோர்மெண்டி கண்டார். இரண்டிலும் புள்ளிகள் கணிசமாகச் சிதறிக் கிடந்தன. மூன்று அளவுகளையும் மடக்கை எடுத்து முப்பரிமாண வரைபடத்தில் வைத்தால் எல்லாம் ஒரு மெல்லிய தளத்தில் படிகின்றன என்று 1987-இல் இரு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. அட்டையை விளிம்புவழியே பார்த்தால் கோடாகவும் சற்றுத் திருப்பினால் பட்டையாகவும் தெரிவதுபோல, பழைய தொடர்புகள் இந்த 'அடிப்படைத் தளத்தின்' சாய்கோணத் தோற்றங்களே.

தளம் ஏன் உண்டாகிறது என்பதற்கு விடை எளிது. ஈர்ப்பும் இயக்கமும் சமநிலையில் இருக்கும் எந்தத் தொகுதியிலும் நிறை, வேகத்தின் இருபடியை ஆரத்தால் பெருக்கியதற்கு நேர்விகிதமாக இருக்கும். எல்லா மண்டலங்களிலும் ஓரலகு நிறைக்கு ஒரே அளவு ஒளி கிடைத்தால், ஒரே மேற்பரப்புப் பொலிவில் ஆரம் வேகத்தின் 2-ஆம் அடுக்கைப் பின்பற்ற வேண்டும். அளவீடுகளோ சுமார் 1.2 முதல் 1.5 வரையிலான அடுக்கையே தருகின்றன. தளத்தைவிட, எதிர்பார்த்த நிலையிலிருந்து அது விலகும் இந்தச் சாய்வுதான், என் பார்வையில், அதிகம் பேசுகிறது: நிறை 10 மடங்கானால், ஓரலகு ஒளிக்கு நிற்கும் நிறை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. முதிய, உலோகம் மிகுந்த விண்மீன்கள், ஒளி உமிழாமல் ஈர்ப்பால் மட்டும் உணரப்படும் கரும்பொருளின் பங்கு, பிறக்கும்போதே சிறு விண்மீன்கள் மிகுந்திருப்பது என இதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் விவாதம் ஓயவில்லை. அட்லஸ்3டி ஆய்வு 260 மண்டலங்களில் விண்மீன் இயக்கத்தைக் கொண்டே நிறையைக் கணித்து, ஒளிக்குப் பதிலாக அதை இட்டபோது சாய்வின் பெரும்பகுதி மறைந்துவிட்டது.

அருகிலுள்ள மண்டலங்களில் வேகச் சிதறலும் மேற்பரப்புப் பொலிவும் தொலைவைப் பொறுத்து மாறுவதில்லை. எனவே தளம் தரும் உண்மை ஆரத்தை, வானில் தெரியும் கோண அளவுடன் ஒப்பிட்டால் தொலைவு கிடைத்துவிடும். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரு நியூட்ரான் விண்மீன்கள் (இறந்த விண்மீன்களின் மிக அடர்ந்த எச்சங்கள்) மோதியது பதிவான என்ஜிசி 4993 மண்டலத்துக்கு இம்முறை சுமார் 14 கோடி ஒளியாண்டு என்றது. அம்மோதல் வெளியில் எழுப்பிய அதிர்வுகளான ஈர்ப்பலைகளின் வலுவை மட்டும் கொண்டு தனியே பெற்ற தொலைவு சுமார் 13 கோடி.