தேன்கூட்டில் உத்தரவு போடுவது யார்?

“இத்தனை ஆயிரம் தேனீக்களுக்கும் இராணித் தேனீ எப்படி வேலை பிரித்துக் கொடுக்கிறது?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பிரித்துக் கொடுப்பதே இல்லை. நல்ல பருவத்தில் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடுவதும், தன் உடலில் சுரக்கும் மணப்பொருள்களால் கூட்டத்தைப் பிரியாமல் வைத்திருப்பதுமே அதன் வேலை. இராணி என்பது நாம் சூட்டிய பட்டம். (அரிஸ்டாட்டில் காலத்தில் அதை அரசன் என்றே எண்ணினார்கள். 17ஆம் நூற்றாண்டில் டச்சு உயிரியலாளர் யான் சுவாமர்டாம் அதன் உடலை அறுத்து, உள்ளே சினைப்பையைக் கண்டு காட்டினார்.)

வேலைக்காரத் தேனீக்கள் அனைத்தும் பெண்கள் என்பது பள்ளிப் பாடம். முட்டையிட்ட 21ஆம் நாளில் அறையை விட்டு வெளிவரும் அத்தேனீ, துப்புரவு, புழுக்களுக்கு ஊட்டுதல், மெழுகால் அடை கட்டுதல், காவல் என்று வயதுக்கேற்ப வேலை மாறி, ஏறத்தாழ மூன்று வாரத்தில் பூக்களைத் தேடிப் பறக்கிறது.

என்னை வியக்க வைப்பது இதன் பிறகு நடப்பது. பூந்தேனைக் கொண்டுவரும் தேனீ அதைத் தானே அறையில் ஊற்றுவதில்லை. வாசலருகே நிற்கும் இளைய தேனீ ஒன்று நாக்கை நீட்டி, அதன் வாயிலிருந்து உறிஞ்சிக்கொண்டு போய், நீர் வற்றவைத்து அடையில் சேர்க்கிறது. இப்போது சிக்கலைப் பாருங்கள். வெளியே பூக்கள் திடீரென்று பொங்கினால் கொண்டுவருவோர் பெருகுவார்கள், வாங்குவோர் போதாது. பூக்கள் குறைந்தால் வாங்குவோர் சும்மா நிற்பார்கள். கணக்குப் பார்த்து ஆள் மாற்றிவிட மேற்பார்வையாளர் எவரும் இல்லை.

கண்ணாடிச் சுவர் வைத்த கூட்டில், வண்ணப் புள்ளியிட்ட தேனீக்களைக் கவனித்து இதற்கு விடை கண்டவர் அமெரிக்க உயிரியலாளர் தாமஸ் சீலி. வளமான பூவிடத்திலிருந்து திரும்பும் தேனீ, தன் சுமையை வாங்க ஆள் கிடைக்கும் வரை எவ்வளவு நேரம் அலைகிறது என்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது. சுமார் 20 நொடிக்குள் ஆள் கிடைத்துவிட்டால், அது வாலாட்டி நடனமாடி மேலும் பலரைப் பூக்களுக்கு அனுப்புகிறது. 50 நொடிக்கு மேல் அலைய நேர்ந்தால், உடல் நடுங்கியபடி அடைகளின் மேல் நடந்து, பூந்தேன் வாங்கும் வேலைக்குப் புதிய தேனீக்களை இழுக்கிறது. கூடு முழுவதையும் பற்றி எதுவும் அறியாத ஒரு பூச்சிக்குத் தன் காத்திருப்பு ஒன்றே போதுமான செய்தியாகிவிடுகிறது.

வாலாட்டு நடனத்தின் பொருளை விளக்கி 1973இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ், இந்த நடுக்கத்தையும் பார்த்திருந்தார். ஆனால், பிற தேனீக்களுக்கு அது எதையும் சொல்வதில்லை என்று கருதினார். அதன் பொருள் தெளிவாக எழுபதாண்டுகள் ஆயின. தேனீயின் நடுக்கத்தை நொடிக்கணக்கில் அளப்பதற்கு எதற்குப் பணம் என்று கேட்போரிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

நடுங்கும் தேனீ மற்றொன்றும் செய்கிறது: வாலாட்டி ஆடிக்கொண்டிருக்கும் தேனீயைத் தலையால் முட்டி, ஒரு நொடிக்கும் குறைவான நேரம் ‘பீப்’ என்று ஒலிக்கிறது. முட்டுப்பட்ட தேனீ பெரும்பாலும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறது.